பிளக் சுடுவது முதல் மீட்டர் ஓடுவது வரை: வோல்ட்டும் ஆம்பியரும் அளந்து வீட்டு மின்கோளாறைக் கண்டறியும் முறை

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் தொடங்கி புதுச்சேரியின் வீராம்பட்டினம், வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் வரை கடற்காற்று படும் வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் மின்கோளாறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து பித்தளை முனைகளிலும் செம்புக் கம்பியிலும் பச்சை பூக்கச் செய்கின்றன, திருகுகள் தளர்கின்றன, ஒவ்வோர் இணைப்பிலும் ஓர் ஓமுக்கும் குறைவான தடை புதிதாகச் சேர்கிறது. பிளக் சுடுவதற்கும், விளக்கு மங்குவதற்கும், எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) காரணமின்றி விழுவதாகத் தோன்றுவதற்கும் அந்தச் சிறு தடையே பல வேளைகளில் காரணமாகிறது.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இந்தத் தடையைப் பிடிக்க இயலாது. மீட்டரின் சொந்த ஒயர்களிலேயே அதே அளவு தடை இருக்கும்; மேலும், மீட்டர் செலுத்தும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் ஒழுங்காகத் தோன்றும் இணைப்பு, எட்டு ஆம்பியர் ஓடும்போது அப்படி நடந்துகொள்வதில்லை. ஆகவே சுமையை ஓடவிட்டு, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, அதை ஓடும் ஆம்பியரால் வகுத்துத் தடையைக் கணக்கிட்டுப் பெறுவதே நம்பத்தக்க வழி. கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வழியையே வெவ்வேறு அறிகுறிகளுக்குப் பயன்படுத்துகின்றன.

கணக்கு மிகவும் சிறியது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஓர் இணைப்பில் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று அறிய, ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, வந்த விடையை ஓமால் பெருக்க வேண்டும். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் போன்ற சூடாக்கும் கருவிகளுக்கு இது அப்படியே பொருந்தும். மோட்டார், மின்விசிறி, எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண், அவை உண்மையில் செலவிடும் வாட்டைவிடக் கூடுதலாக இருக்கும்.

## தொடங்கும் முன்

தேவையானவை இரண்டு கருவிகள்: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டாங் டெஸ்டர் (ஒயரை வெட்டாமல் இடுக்கி போலப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர்). மல்டிமீட்டரில் "கேட் 3, 600 வோல்ட்" (CAT III 600V) என்ற பாதுகாப்புத் தரம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். டாங் டெஸ்டரின் வாய்க்குள் ஒரே ஒரு ஒயர் மட்டுமே செல்ல வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த முழு ஒயரையும் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து பூஜ்யத்தையே காட்டும். இதற்காகவே ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தயார் செய்து வைத்துக்கொள்வது நல்லது. மூன்று கோர் ஒயரின் மேலுறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கவனமாகக் கீறி எடுத்துவிட்டால், உள்ளிருக்கும் ஒயர்கள் தத்தம் உறை குலையாமல் தனித்தனியே பிரிந்து நிற்கும். அவற்றில் ஒன்றை டாங் டெஸ்டரால் பிடிக்கலாம்.

மின்சாரம் ஓடும் இடத்தில் மீட்டரை ஒருபோதும் ஓம் நிலையிலோ ஆம்பியர் துளையிலோ வைத்துத் தொடக் கூடாது. காலில் உலர்ந்த ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். தரை ஈரமாக இருந்தால் அன்றைக்குச் சோதனையே வேண்டாம். டி.பி. பெட்டியின் (எம்.சி.பி.க்கள் வரிசையாக உள்ள மின்பகிர்வுப் பெட்டி) மூடியைக் கழற்றுவது உரிமம் பெற்ற ஒயர்மேனின் வேலை. கீழே உள்ள அளவுகளை மூடியைத் திறக்காமலேயே எடுக்க ஓர் எளிய வழி இருக்கிறது: சுமை எதுவும் ஓடாத வேறொரு சர்க்கியூட்டின் சாக்கெட்டில் காணும் வோல்ட், டி.பி. பெட்டியில் இருக்கும் வோல்ட்டே ஆகும்.

## அறிகுறி 1: பிளக், சாக்கெட் அல்லது சுவிட்ச் சுடுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது

கைக்கு இளஞ்சூடு தெரிந்தால் சோதிக்கலாம். தொட்டு வைத்திருக்க முடியாத சூடு, நிறம் மாறிய பிளாஸ்டிக், பட்பட் என்ற ஓசை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், அளவு எடுப்பதற்காகக்கூட அதை மறுபடி ஓடவிடக் கூடாது. அந்த சர்க்கியூட்டின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஒயர்மேனை அழைக்க வேண்டும்.

மிக எளிய காரணம் பிளக்கின் உள்ளே இருக்கும் திருகு. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவியபின் திறந்து பார்த்தால், ஒயர் நுனி கறுத்தோ பச்சை பூத்தோ இருப்பது கண்ணுக்கே தெரியும். கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதிய செம்பு தெரியும்படி சீவி, திருகை இறுக்க வேண்டும். பழைய நுனியைச் சுரண்டி மீண்டும் மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு மழைக்காலத்துக்குள் அது திரும்பவும் சுடத் தொடங்கும்.

### பிளக் ஒழுங்காக இருந்தும் சுடுகிறது என்றால்

அதே கருவியை அதே திறனுள்ள இன்னொரு 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கும் பிளக் முள் சுட்டால் கோளாறு பிளக்கில் இருக்கிறது. புதியது வாங்கி மாற்றுவது செலவு குறைந்த தீர்வு. அங்கே சுடவில்லை என்றால், முதல் சாக்கெட்டின் பித்தளைப் பிடிப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது அதன் பின்புறத் திருகு தளர்ந்திருக்கிறது.

### சாக்கெட்டை மாற்றியும் சுவரே சூடாக இருக்கிறது என்றால்

இப்போதுதான் கணக்கு தேவைப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2000 வாட் ஹீட்டர் நிற்கும்போது, அது மாட்டியுள்ள பலகையிலும் வேறு சர்க்கியூட்டின் சாக்கெட்டிலும் 228 வோல்ட் காட்டுகிறது. ஹீட்டரை ஓடவிட்டால் டாங் டெஸ்டர் 8.3 ஆம்பியர் காட்டுகிறது. வேறு சர்க்கியூட்டில் 226 வோல்ட், ஹீட்டர் மாட்டிய பலகையிலேயே உள்ள பக்கத்துச் சாக்கெட்டில் 219 வோல்ட். தெருவிலிருந்து டி.பி. பெட்டி வரை இழந்தது 2 வோல்ட், 8.3 ஆல் வகுத்தால் ஏறத்தாழ கால் ஓம், இது இயல்பானது. டி.பி. பெட்டியிலிருந்து சாக்கெட் வரை இழந்தது 7 வோல்ட், வகுத்தால் 0.84 ஓம்.

இந்த 0.84 ஓம் கூடுதலா, இயல்பா என்பதை ஒயரின் நீளம் சொல்லும். செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு, 1.5 சதுர மில்லிமீட்டரில் சுமார் 12 மில்லிஓம், 2.5 இல் சுமார் 7.4 மில்லிஓம், 4 இல் சுமார் 4.6 மில்லிஓம் தடை உடையது. டி.பி. பெட்டியிலிருந்து சாக்கெட் 15 மீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவும் 30 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது 0.22 ஓம் மட்டுமே. மீதி 0.62 ஓம் ஏதோ ஓர் இணைப்பில் ஒளிந்திருக்கிறது. அங்கே உண்டாகும் வெப்பம் 8.3 × 8.3 × 0.62, அதாவது 42 வாட்டுக்கு மேல். ஈயம் உருக்கிப் பற்ற வைக்கும் சாதாரண சால்டரிங் இரும்பு 25 வாட்தான். அதைவிடக் கூடுதலான சூடு சுவருக்குள் ஒரு ஜங்ஷன் பாக்ஸில், பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு, குளித்து முடிக்கும் வரை எரிந்துகொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கணக்குக்குப் பிறகு வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றே: அந்த சர்க்கியூட்டில் ஹீட்டர் போடுவதை நிறுத்திவிட்டு, எழுதி வைத்த நான்கு அளவுகளையும் ஒயர்மேனிடம் காட்ட வேண்டும். அவர் எம்.சி.பி. முனை, சுவிட்ச், ஜங்ஷன் பாக்ஸ் என்று வரிசையாகத் திறந்து பார்ப்பார். பழைய வீடுகளில் அலுமினிய ஒயரோடு புதிய செம்பு ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருப்பதைக் கண்டால், அந்த இணைப்பை இறுக்குவதோடு நிறுத்தக் கூடாது. ஈரத்தில் செம்போடு ஒட்டியிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். கடலோரத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும். அந்த ஒயர் முழுவதையும் செம்பாக மாற்றுவதே சரி.

## அறிகுறி 2: ஹீட்டரோ மோட்டாரோ போட்டவுடன் விளக்குகள் மங்குகின்றன

### ஓர் அறையில் மட்டும் மங்குகிறது

அந்த அறையும் ஹீட்டரும் ஒரே சர்க்கியூட்டில் இருக்கின்றன. மேலே சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள்; இடம் அங்கேயே தெரிந்துவிடும்.

### வீடு முழுவதும் மங்குகிறது

வேறு சர்க்கியூட்டில் எடுத்த இறக்கமே இப்போது முக்கியம். ஹீட்டர் நிற்கும்போது 222 வோல்ட், 8 ஆம்பியர் ஓடும்போது 206 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 16 ஐ 8 ஆல் வகுக்க 2 ஓம் வருகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும், 30 மீட்டர் நீளமுள்ள நல்ல சர்வீஸ் ஒயரின் தடை, அது அலுமினியமாக இருந்தாலும், போக வர அரை ஓம் அளவைத் தாண்டாது. எனவே ஏறத்தாழ ஒன்றரை ஓம், மெயின் ஸ்விட்ச், மீட்டர் முனை, கம்பத்து இணைப்பு ஆகியவற்றில் எங்கோ இருக்கிறது. 8 ஆம்பியரில் அங்கே எரிவது 96 வாட். மீட்டரும் அதற்கு முந்திய பகுதியும் மின் நிறுவனத்தின் பொறுப்பு. முத்திரையைத் தொடாமல், கடலூர்ப் பக்கம் என்றால் மின்னகத்தின் (தமிழ்நாடு மின்வாரியப் புகார் மையம்) 94987 94987 எண்ணிலும், புதுச்சேரி என்றால் அந்தந்தப் பகுதி மின்துறை அலுவலகத்திலும் புகார் தர வேண்டும். "லோ வோல்டேஜ்" என்று மட்டும் சொல்வதைவிட, "சுமை இல்லாமல் 222, எட்டு ஆம்பியரில் 206" என்று சொன்னால், வரும் லைன்மேன் கம்பத்தில் எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்பதை உடனே புரிந்துகொள்வார்.

அக்கம்பக்கத்து வீடுகளிலும் மாலை வேளையில் இதே போல மங்கி, உங்கள் வீட்டில் சுமை இல்லாதபோதும் வோல்ட் குறைவாகவே இருந்தால், கோளாறு உங்கள் இணைப்பில் இல்லை. தெருவின் சுமையே கூடுதல். அதற்கு வீட்டுக்குள் செய்யத்தக்கது ஏதுமில்லை.

### சில விளக்குகள் மங்க, சில விளக்குகள் மிகையாக ஒளிர்கின்றன

அளவு எடுக்க நிற்காதீர்கள். மெயின் ஸ்விட்சை உடனே இறக்குங்கள். நியூட்ரல் தளர்ந்தோ அறுந்தோ இருக்கிறது. மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் ஒரு பேஸின் வோல்ட் 230 ஐ வெகுவாகத் தாண்டி 400 ஐ நோக்கி ஏறக்கூடும். குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் நொடிகளில் கெட்டுப்போகும். மின் நிறுவனத்துக்குத் தகவல் தந்து, அவர்கள் சரிசெய்த பின்னரே மெயினை ஏற்ற வேண்டும்.

## அறிகுறி 3: ஹீட்டரில் தண்ணீர் தாமதமாகச் சூடாகிறது, அல்லது சூடாகவே இல்லை

முதலில் கருவியின் தகட்டைப் படியுங்கள். "230 வோல்ட், 2000 வாட்" என்றிருந்தால் எலிமெண்டின் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) தடை 230 × 230 ஐ 2000 ஆல் வகுத்தது, அதாவது 26.5 ஓம், ஓட வேண்டியது 8.7 ஆம்பியர். "240 வோல்ட், 2000 வாட்" என்றிருந்தால் தடை 28.8 ஓம், அது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1840 வாட்தான் தரும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் நல்ல எலிமெண்டை மாற்றிவிடுபவர்கள் உண்டு.

### ஆம்பியர் பூஜ்யம்

தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்து, சூட்டை அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் துண்டித்திருக்கலாம். அப்படி இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அடுத்து, மிகைச்சூட்டுத் துண்டிப்பான் விழுந்திருக்கலாம். அது தானாக விழுவதில்லை, ஏதோ காரணத்தால் விழுகிறது. ஒருமுறை அழுத்தி ஏற்றியும் மீண்டும் விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும். இரண்டும் நன்றாக இருந்தால், பிளக்கை உருவிவிட்டு, எலிமெண்டின் ஒயரைக் கழற்றி, மீட்டரை ஓம் நிலையில் வைத்து எலிமெண்டின் இரு முனைகளையும் தொடுங்கள். இங்கே ஓம் நிலை பயன்படும். ஏனெனில் அளக்கப்படும் தடை இருபது ஓமுக்கும் மேல். 26 ஓம் அளவில் காட்டினால் நன்று. எல்லையில்லாத் தடை என்று காட்டினால் எலிமெண்ட் அறுந்துவிட்டது. இந்தச் சோதனையைப் பழைய குண்டு பல்புக்குச் செய்து பார்த்துக் குழம்ப வேண்டாம்: 60 வாட் பல்பு எரியும்போது 880 ஓம் இருக்கும், அணைந்து ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எலிமெண்டின் தடை சூட்டில் அவ்வளவு மாறுவதில்லை.

### ஆம்பியர் குறைவாக ஓடுகிறது

சாக்கெட்டின் வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுங்கள். விடை 26 ஓமை ஒட்டி வந்தால் எலிமெண்ட் நலமாக இருக்கிறது, வோல்ட்தான் குறைவு. 195 வோல்ட்டில் அதே ஹீட்டர் 7.4 ஆம்பியர் எடுத்து ஏறத்தாழ 1440 வாட் மட்டுமே தரும். 15 லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த, 2000 வாட்டில் 17 நிமிடம் போதும். 1440 வாட்டில் 23 நிமிடம் ஆகும். இப்படியென்றால் அறிகுறி 1, 2 ஆகியவற்றுக்குத் திரும்பிப் போய், வோல்ட் எங்கே இழக்கப்படுகிறது என்று தேட வேண்டும்.

### ஆம்பியர் சரியாகவே ஓடுகிறது

அப்படியானால் எலிமெண்டில் குறை இல்லை; அதன் மேல் படிந்த சுண்ணாம்புக் காரையும் தாமதத்துக்குக் காரணம் இல்லை. காரை படிந்தாலும் எடுத்த வாட் முழுவதும் தண்ணீருக்குத்தான் போகிறது. ஆனால் எலிமெண்ட் உள்ளுக்குள் மிகைச்சூடாகி விரைவில் அறும். உப்பும் கடினமும் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சுத்தம் செய்வது அதற்காகவே. தாமதத்தின் காரணத்தைக் குழாயில் தேடுங்கள்: கலப்புக் குழாயின் வழியே குளிர்நீர் உள்ளே கலந்துகொண்டிருக்கலாம்.

## அறிகுறி 4: எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது

### சில நிமிடங்களோ அரை மணியோ கழித்து விழுகிறது

ஓடும் கருவிகளின் வாட்டைக் கூட்டி 230 ஆல் வகுங்கள். ஹீட்டர் 2000, இண்டக்ஷன் அடுப்பு 1800, அயர்ன் பாக்ஸ் 1000 என்றால் 4800 வாட், அதாவது ஏறத்தாழ 21 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 23.2 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இடைப்பட்ட அளவில் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. எனவே "நேற்று விழவில்லை, இன்று விழுகிறது" என்பது எம்.சி.பி. கெட்டதற்குச் சான்று ஆகாது. ஒரு கருவியை வேறு சர்க்கியூட்டுக்கு மாற்றுவதே தீர்வு. இதற்காக 16 ஐ எடுத்துவிட்டு 32 மாட்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், எம்.சி.பி. காப்பது கருவியை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை.

கூட்டிப் பார்த்தால் 10, 11 ஆம்பியர்தான் வருகிறது, டாங் டெஸ்டரும் அதையே காட்டுகிறது, இருந்தும் விழுகிறது என்றால், எம்.சி.பி.யின் முனைத் திருகு தளர்ந்து, அங்கே பிறக்கும் சூடு, எம்.சி.பி.யை விழச் செய்யும் உள் உலோகப் பட்டையை வளைத்துவிடுகிறது. ஒயர்மேன் முனையைச் சீவி இறுக்கியும் தொடர்ந்தால் எம்.சி.பி.யை மாற்ற வேண்டியதுதான்.

### ஏற்றிய கணமே விழுகிறது

அந்த சர்க்கியூட்டின் பிளக்குகள் அனைத்தையும் உருவிவிட்டு ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொன்றாக மாட்டிக் குற்றவாளிக் கருவியைக் கண்டுபிடியுங்கள். எதுவும் மாட்டாமலேயே விழுந்தால் ஒயரிங்கில் ஷார்ட் சர்க்கியூட்; மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காமல் ஒயர்மேனை அழையுங்கள். மோட்டார் தொடங்கும்போது மட்டும் விழுந்தால், அது பி வகை எம்.சி.பி.யா என்று பாருங்கள்; அது மூன்று முதல் ஐந்து மடங்கு மின்னோட்டத்திலேயே உடனே விழும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கில்தான் உடனே விழும்.

## அறிகுறி 5: மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது, அல்லது கருவியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

ஆர்.சி.சி.பி. என்பது மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் விழும் பாதுகாப்பு சுவிட்ச். வீடுகளில் பொதுவாக இருப்பது 30 மில்லியாம்பியர் கசிவுக்கு விழுவது; அதில் பாதியைத் தாண்டியதிலிருந்தே விழ அதற்கு உரிமை உண்டு. 230 ஐ 0.03 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7,700 ஓம். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ள காப்புத்தடை, அதாவது கசிவைத் தடுக்கும் ஒயர் உறையின் தடை, இந்த அளவுக்கு இறங்கிவிட்டது என்பதே அதன் பொருள். நல்ல ஒயரிங்கில் காப்புத்தடை ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்போது கசிவு கால் மில்லியாம்பியரைத் தொடாது. ஒரே இடத்தில் பெரிய கசிவு இருக்க வேண்டும் என்பதில்லை. 50,000 ஓம் காப்புள்ள ஓர் ஈரமான வெளிவிளக்கு 4.6 மில்லியாம்பியர் கசியவிடும். அப்படி நான்கைந்து சேர்ந்தாலே போதும்.

எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வோர் எம்.சி.பி.யாக ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் விழுகிறதோ அந்த சர்க்கியூட்டில் மொட்டைமாடி விளக்கு, கேட்டு விளக்கு, மோட்டார் ஒயர் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, ஒற்றை எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிப்பதில்லை என்பதால் இந்த முறையில் அதைப் பிரித்தறிய முடியாது. ஒயர்மேன் 500 வோல்ட் மெகர் (உயர்ந்த வோல்ட் செலுத்திக் காப்புத்தடையை அளக்கும் கருவி) கொண்டு பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் ஓம் நிலை சில வோல்ட்டையே செலுத்துவதால், ஈரக் காப்பின் குறையை அது காட்டாமல் விட்டுவிடும்.

ஷாக் அடிக்கும் கருவியை உடனே ஒதுக்கிவையுங்கள். "எர்த் இருக்கிறது, எம்.சி.பி. விழுந்துவிடும்" என்ற நம்பிக்கை இங்கே காப்பாற்றாது. கடலோர மணலில் கோடையில் எர்த் குழி காய்ந்து அதன் தடை 50 ஓமுக்கு ஏறியிருந்தால், பேஸ் கருவியின் உடலைத் தொட்டாலும் ஓடக்கூடியது 230 ஐ 50 ஆல் வகுத்தால் வரும் 4.6 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது, கருவியின் உடலில் மட்டும் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இன்றே அதைப் பொருத்தச் சொல்லுங்கள். வேறு எந்தச் செலவைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலும் இப்பகுதி மக்களுக்கு நினைவிருக்கும். வெள்ளநீர் சாக்கெட் மட்டத்தை எட்டிய வீட்டில், மேலே காய்ந்துவிட்டது என்று தோன்றினாலும் மெயினை ஏற்றக் கூடாது. மூழ்கிய சாக்கெட்டுகளையும் எம்.சி.பி.க்களையும் மாற்றி, மெகர் சோதனை செய்த பின்னரே இணைப்புத் தர வேண்டும்.

## அறிகுறி 6: மோட்டார் முனகுகிறது, தொடங்குவதில்லை, அல்லது சூடாகி நின்றுவிடுகிறது

ஹீட்டருக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும். சுமையோடு ஓடும் மோட்டாருக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். இதை மனத்தில் கொண்டு, தகட்டில் உள்ள ஆம்பியரோடு டாங் டெஸ்டரின் அளவை ஒப்பிடுங்கள். 230 ஐ 7 ஆம்பியரால் வகுத்து 33 ஓம் என்று கணக்கிட்டுவிட்டு, காயிலை மீட்டரில் பார்த்து "சில ஓம்தான் இருக்கிறது, காயில் ஷார்ட்" என்று முடிவு கட்டுவது தவறு. ஓடும் மோட்டாரில் காயிலின் வெறும் கம்பித்தடை மட்டும் மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை.

முனகித் தொடங்காத மோட்டாருக்கு மலிவான காரணம் கெப்பாசிட்டர். அதை மாற்றிப் பார்ப்பதே விரைவான சோதனை. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். வெறும் கையால் முனைகளைத் தொடக் கூடாது. அடுத்து, நீண்ட நாள் ஓடாத பம்பில் தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர் துருவால் இறுகியிருக்கலாம்.

இரண்டும் இல்லையென்றால் ஒயரின் நீளத்தைக் கணக்கிடுங்கள். பாகூர்ப் பக்கத்து வயலிலும் கடலூரின் தோப்பு வீடுகளிலும் கிணறு 60 மீட்டர் தள்ளி இருப்பது அரிதன்று. போக வர 120 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 1.45 ஓம். ஓடும்போது 7 ஆம்பியருக்கு 10 வோல்ட்தான் இழக்கிறோம். அதனால் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் குறை தெரியாது. தொடங்கும் கணத்தில் அதுபோல் ஐந்து மடங்கு மின்னோட்டம் இழுக்கப்படும்போது இறக்கம் 50 வோல்ட்டை நெருங்கும். 210 வோல்ட் வரும் வீட்டில் மோட்டாருக்கு 160 அளவுதான் கிடைக்கும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயராக மாற்றினால் இதே இறக்கம் 20 வோல்ட்டுக்குள் அடங்கும். காயிலைத் திரும்பச் சுற்றும் செலவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்; ஒயர் குறையாக இருக்க, சுற்றிய காயிலும் மறுபடி கருகும்.

ஒயரும் கெப்பாசிட்டரும் சரியாக இருந்து, வோல்ட்டும் போதுமானதாக இருந்து, ஆம்பியர் மட்டும் தகட்டைத் தாண்டினால் மோட்டாரை ரீவைண்டிங் கடைக்கு அனுப்பலாம்.

## அறிகுறி 7: டெஸ்டர் எரிகிறது, ஆனால் கருவி ஓடுவதில்லை

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரின் குட்டி விளக்கு எரியும்; மல்டிமீட்டர் 60 முதல் 110 வோல்ட் வரை ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். சுமை எதையும் தாங்காது. டிஜிட்டல் மீட்டரின் உட்தடை பெரும்பாலும் 10 மெகாஓம் என்பதால், 110 வோல்ட் காட்டினாலும் ஓடுவது 11 மைக்ரோஆம்பியர்தான். பக்கத்து ஒயரிலிருந்து தாவி வரும் மின்னழுத்தமே அதற்குப் போதும். அந்தச் சாக்கெட்டில் ஒரு குண்டு பல்பைப் போட்டுவிட்டு மீண்டும் அளந்தால் எண் சரிந்துவிடும். பேஸோ நியூட்ரலோ வழியில் அறுந்திருக்கிறது. டெஸ்டர் எரிவதை வைத்து "கரண்ட் வருகிறது" என்று கொள்ளவும் கூடாது, மங்கலாக எரிவதை வைத்து "ஆபத்தில்லை" என்று கொள்ளவும் கூடாது. அறுந்த நியூட்ரலின் மறுமுனை முழு 230 வோல்ட்டில் நிற்கக்கூடும். அறுந்த இடத்தைத் தேடுவது ஒயர்மேனின் வேலை.

## அறிகுறி 8: கருவிகள் கூடவில்லை, மின்கட்டணம் கூடிவிட்டது

தமிழ்நாட்டில் வீட்டுக் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், முதலில் முந்திய கணக்கீட்டுக்கும் இதற்கும் இடையே எத்தனை நாள் என்று பாருங்கள். நாள் கூடியிருந்தாலே அலகும் கூடும். அதன்பின் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். ஓர் அலகுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்றால், பத்து மினுக்குக்கு ஆகும் நொடிகளால் 11,250 ஐ வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எடுக்கும் வாட் கிடைக்கும்: 45 நொடி ஆனால் 250 வாட். வேறு எண் அச்சிடப்பட்டிருந்தால், 3 கோடியே 60 இலட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, 11,250க்கு மாற்றாக அந்த விடையைக் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கருவியாக நிறுத்தி மினுக்கை எண்ணிக்கொண்டே வந்தால், எது எதிர்பார்த்ததற்கு மேல் எடுக்கிறது என்று தெரிந்துவிடும். மிதவை வால்வு பழுதாகித் தொட்டி வழிவதால் மோட்டார் தேவைக்கு மேல் ஓடுவதும், குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர் தளர்ந்து கம்பிரஸர் நிற்காமல் ஓடுவதும் நான் அடிக்கடி காணும் காரணங்கள். மின்கசிவின் மீது பழி போடுவது எளிது, ஆனால் ஆர்.சி.சி.பி. விழாத அளவுக்கு, அதாவது 30 மில்லியாம்பியருக்குள், கசிந்துகொண்டே இருந்தாலும் அது 7 வாட்டுக்கும் குறைவு. இரண்டு மாதம் இரவுபகலாகக் கசிந்தாலும் 10 அலகுதான். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் மட்டும் இதைவிடப் பெரிய கசிவுக்கு இடமுண்டு.

டி.பி. பெட்டியின் மெயினை இறக்கிய பின்னும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், மீட்டருக்கும் மெயினுக்கும் இடையே எங்கோ சுமை இருக்கிறது, அல்லது மீட்டர் பழுது. இரண்டையும் வீட்டுக்காரர் தொடக் கூடாது. மினுக்கை எண்ணிய நேரத்தையும் கணக்கிட்ட வாட்டையும் எழுதி இணைத்து, பகுதி அலுவலகத்தில் மீட்டர் சோதனைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, அதற்கான ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.